அம்மாக்கா

மார்ச் 9

பாப்பாவுக்கு அண்ணி எழுதுகிறேன்.

உன் அண்ணன் போனதைப் பெரியவன் போனில் சொன்னானாம். நீ "சரி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிட்டாயாம். ஏன் வரவில்லை என்று கேட்க இதை எழுதவில்லை. முதலில் அப்படித்தான் இருந்தது. மனசுக்குள்ளேயே உன்னை நிற்க வைத்துக் கேள்வி மேல் கேள்வி கேட்டேன். இப்போது அதற்கும் தெம்பு இல்லை.

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது, உனக்குத் தெரியும். பட்டன் துளைக்குக் காஜா எடுத்தே பழகின கை, பேனாவை ஊசி பிடிக்கிற மாதிரி பிடிக்கிறது. "போன்ல பேசும்மா" என்றான் சின்னவன். போன் என்றால் நீ வைத்துவிடுவாய். கடிதத்தைக் கிழிப்பதென்றாலும் முதலில் கையில் வாங்கித்தானே ஆகவேண்டும்.

விஷயம் இதுதான். அவர் தலைமாட்டில் கல் வைக்க வேண்டும். கல் வெட்டுகிறவர், "பேரு சொல்லுங்க, இன்னார் மகன்னு கீழ போடணும், அப்பா பேரோ அம்மா பேரோ" என்றார். அப்பா என்று ஒருத்தர் இருந்த ஞாபகமே அவருக்குக் கிடையாது. அவர் பேரே அநாதை விடுதியில் வைத்த பேர்தானே. வாட்ச்மேன் பேரைக் கேட்டதற்கு "தம்பி" என்றாராம், உன்னைக் காட்டி "பாப்பா" என்றாராம். அப்புறம்தான் வார்டன் ஆளுக்கொரு பேர் வைத்தாராம். அதைச் சொல்லிச் சொல்லி எத்தனை தடவை சிரித்திருக்கிறார்.

கடைசியில் பேச்சு குளறினபோது என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "கல்லுல எங்கம்மா பேரைப் போடு. யாருமில்லாதவன்னு போட்டுடாதே." சரி என்று சொல்லிவிட்டேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை.

விடுதியிலிருந்து அவர் வாங்கி வந்த தாளில் "தாய்: இறந்துவிட்டார். கொண்டு வந்து விட்டவர்: அக்கா" என்று இருக்கிறது. இரண்டு இடத்திலும் பேர் இல்லை. அதை வைத்துக்கொண்டு லீவு நாளெல்லாம் விடுதி இருந்த ஊர் ஆபீஸில் செத்தவர்கள் கணக்கைப் பார்க்கப் போவார். என்ன அடையாளம் என்று கேட்டால், "தலை நல்லா நரைச்சிருக்கும். வாய் மட்டும் நரைக்கல, திட்ட ஆரம்பிச்சா தெருவே காதைப் பொத்திக்கும்" என்பாராம். ஆபீஸில் இருப்பவர்கள் சிரித்து, உட்கார வைத்து, அப்புறம் கையை விரித்து அனுப்பிவிடுவார்கள். கூடப் பிறந்தவள் நீ ஒருத்திதான் மிச்சம். அம்மாவை வீட்டில் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்ட ஞாபகம் இருக்கிறதா? பட்டப்பேராக இருந்தாலும் போதும்.

அண்ணி


மார்ச் 21

அண்ணிக்கு,

கிழிக்கவில்லை.

அந்த போன் வந்தபோது கிளினிக்கில் நல்ல கூட்டம். என் வேலைதான் உங்களுக்குத் தெரியுமே, கவுன்டரில் உட்கார்ந்து வரிசையாகப் பேர் சொல்லிக் கூப்பிடுவது. "சரி" என்று சொல்லி வைத்தேன். அடுத்த பேரைக் கூப்பிட்டேன். அது யார் பேர் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், வரவில்லை. அதற்குப் பிறகு கூப்பிட்டதெல்லாம் ஞாபகம் இருக்கிறது. அது ஒன்றுதான் இல்லை.

ஊரார் பேரையெல்லாம் கூப்பிடுகிறவளுக்குப் பெற்றவள் பேர் தெரியாது. வேடிக்கைதான். நாங்கள் இருந்த வீட்டில் யாருக்கும் பேரே கிடையாது என்பார் அண்ணன். பெரிய கூட்டம், ஒருத்தரை எல்லோரும் அம்மா என்போம், ஒருத்தியை எல்லோரும் அக்கா என்போம், அவ்வளவுதான் என்பார். அப்போது எனக்கு மூன்று வயது கூட முடியவில்லை. அம்மா முகம் எனக்கு இல்லவே இல்லை.

எனக்கு இருப்பதெல்லாம் அந்த அக்காதான். அம்மா செத்ததும் எங்களைக் கொண்டுபோய் விடுதி கேட்டில் விட்டுவிட்டு ஓடினவள். உள்ளே கூட வரவில்லை. என் முதல் ஞாபகமே அதுதான். என்னை இடுப்பில் வைத்திருக்கிறாள். ரவிக்கையின் முன்பக்கம் இரண்டு பக்கமும் நனைந்திருக்கிறது. அந்த ஈரம் என் கவுனிலும் ஏறிச் சில்லென்று ஒட்டுகிறது. வெயில் காலம். எங்கே தண்ணீரைக் கொட்டிக்கொண்டாளோ. "சீக்கிரம் வந்துடுவேன்டி பாப்பா, அண்ணன் கையை விடாத" என்று இறக்கிவிட்டாள். அந்த ஈரம் காய்கிற வரைக்கும் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் பேர் கிடைத்தாலும் கல்லில் போட்டுவிடாதீர்கள். அண்ணனுக்கு அவள் மேல் கோபமே கிடையாது. "அதுவும் சின்னப் பொண்ணு, என்ன பண்ணும்" என்பார். எனக்கு அந்தப் பெரிய மனசெல்லாம் இல்லை.

நான் வராததற்குக் காரணம் உங்களுக்கே தெரியும். பெரியவன் கல்யாணத்தில் அண்ணன் மைக்கைப் பிடித்து என்னை என்ன சொல்லிக் கூப்பிட்டார் என்று யோசித்துப் பாருங்கள்.

பாப்பா


ஏப்ரல் 2

பாப்பாவுக்கு,

பதில் போட்டாயே, அதுவே எனக்கு ஒரு வாய் தண்ணீர் குடித்த மாதிரி இருக்கிறது.

யோசித்துப் பார்த்தேன். உன் பழைய விடுதித் தோழி ஒருத்தி அன்றைக்கு வந்திருந்தாள். உன்னைக் கண்டதும் "ஏய் அம்மாக்கா!" என்று ஓடி வந்து கட்டிக்கொண்டாள். இவருக்கு அந்தப் பேர் பிடித்துப்போய்விட்டது. நம்ம பாப்பாவுக்கு இப்படி ஒரு பேரா என்று சிரித்தார். போட்டோ எடுக்கும்போது மைக்கில், "அம்மாக்கா, எங்க இருந்தாலும் மேடைக்கு வாங்க" என்றார். கூட்டமே சிரித்தது. நீ சாப்பிடாமல் கூடப் போய்விட்டாய்.

அப்படி என்ன அந்தப் பேரில் என்று எனக்கு இன்னமும் விளங்கவில்லை. அவருக்கும் விளங்கவில்லை. "கேலி பண்ணலாம்னு கூப்பிடலடி, சொல்ல வாய்க்கு இனிப்பா இருந்துச்சு" என்றார் என்னிடம். அந்தப் போட்டோ முன்னறைச் சுவரில்தான் மாட்டியிருக்கிறது. அவருக்கும் பெரியவனுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டிருக்கும். போட்டோக்காரர் "நெருங்கி நில்லுங்க சார்" என்று கத்திப் பார்த்தார், இவர் நெருங்கவில்லை. "வந்துட்டு இருக்கா" என்றார். நீ அப்போது பஸ் ஏறியிருப்பாய். வருகிறவர்களெல்லாம் போட்டோ சரியில்லை, நடுவில் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கிறது என்பார்கள். அவர் மட்டும் அந்த ஓட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

வீட்டில் பேத்தி ஒருத்திதான் இப்போது சத்தம். நீ அவளைப் பார்த்ததே இல்லை. நல்லாப் பேசுகிறாள். பேச்சு எல்லாம் பெரியவர்களிடம் பொறுக்கினது. அவர் சட்டை இன்னும் கொடியில் கிடக்கிறது. துவைத்துப் போட்டது காய்ந்து எத்தனையோ நாள் ஆகிறது, எடுக்க மனசு வரவில்லை. இவள் போய் அதைப் பிடித்து இழுத்து, "எந்திரிங்க, வேலைக்கு நேரமாச்சு" என்கிறாள், நான் சொல்கிற அதே ராகத்தில்.

பாப்பா, அந்தப் பேரில் என்ன இருக்கிறது என்று எனக்காவது சொல். அவரிடம்தான் சொல்ல முடியாமல் போய்விட்டது.

அண்ணி


ஏப்ரல் 14

அண்ணிக்கு,

சட்டையைக் கொடியிலிருந்து எடுங்கள். வெயிலில் சாயம் போய்விடும்.

இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. அண்ணனுக்கும் சொல்லவில்லை. அவரை வேறு ஊரில் பையன்கள் விடுதிக்கு மாற்றிய பிறகு நடந்தது. வளர்ந்து, வேலைக்குப் போய், என்னைத் தேடி அவர் வந்து நின்றபோது இருந்த சந்தோஷத்தில் இந்தக் கதையை எடுக்க வாய் வரவில்லை. அப்புறம் வெட்கம்.

எனக்கு ஒன்பது பத்து வயது இருக்கும். ஒருநாள் வார்டன் சாப்பாட்டு அறையில் எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்துச் சிரித்தார். "உன்னைக் கேட்டு ஒருத்தி வந்தா. 'பாப்பாவைப் பாக்கணும், தம்பியைப் பாக்கணும்'ங்கறா. இங்க எது பாப்பா இல்ல? பேரச் சொல்லும்மான்னா முழிக்கிறா. நீங்க ரெண்டு பேரும் வந்த நாளை மட்டும் சரியாச் சொல்றா. நீ யாருன்னு கேட்டேன். 'நான் அம்மா'ங்கறா! அதுங்களுக்கு அம்மா செத்தாச்சு, அந்தப் பையன் வாயாலயே சொன்னது, எழுதி வெச்சிருக்குன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் நின்னா. அப்புறம், 'அப்படின்னா அக்கா வந்திருக்கேன்னு சொல்லுங்க, பாப்பாவுக்குத் தெரியும்'ங்கறா. பாருங்கடி கூத்தை! முதல்ல அம்மாங்கறா, அப்புறம் அக்காங்கறா. பிள்ளை பிடிக்க வந்தவளுக்குப் பொய்யக்கூட ஒழுங்கா சொல்லத் தெரியல."

எல்லோரும் தட்டைத் தட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கெட்டிக்கார வார்டன், என்னைக் காப்பாற்றிவிட்டார் என்று பெருமையாகக்கூட இருந்தது. அதற்குப் பிறகும் அந்தப் பெண் வந்தாளாம். கேட்டிலேயே அனுப்பிவிட்டார்களாம். நான் பார்க்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்குப் பேர் அம்மாக்கா. படிப்பு முடிந்து வெளியே வரும்வரை அதுதான். "ஏய் அம்மாக்கா, உன்னைப் பிடிக்க வந்திருக்காங்க." குளிக்கும் இடத்தில், வரிசையில், பரீட்சை அறையில்.

யாருமே இல்லாதவள், அதனால்தான் பிள்ளை பிடிக்கிறவள் கூட உரிமையாக வந்து கேட்கிறாள் என்று அந்தப் பேருக்கு அர்த்தம். அதை என் அண்ணனே மைக்கில் சொன்னார்.

இப்போது விளங்கியதா?

பாப்பா


ஏப்ரல் 22

பாப்பா,

உட்கார்ந்து படி. கவுன்டரில் வைத்துப் படிக்காதே. வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படி.

உன் கடிதம் வந்து கிடந்தது. நான் படித்து, வருத்தப்பட்டு, பெட்டியில் வைத்துவிட்டேன். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நேற்று மத்தியானம் நானும் மருமகளும் வாசல்படியில் உட்கார்ந்திருந்தோம். நான் ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். பேத்தி தெருவில் தடுக்கி விழுந்துவிட்டாள். எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் தூக்கிக்கொண்டு வந்து, "உங்கம்மா எங்க செல்லம்?" என்று கேட்டாள். இவள் என்னைக் காட்டினாள். "அப்ப இவங்க?" என்று மருமகளைக் காட்டிக் கேட்டாள். "அண்ணி" என்றது குழந்தை.

அந்தப் பெண் என் தலையைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள். என் காதோரம் குனிந்து, "தப்பா நினைக்காதீங்க, இந்த வயசுல எப்படிங்க சமாளிச்சீங்க?" என்று கேட்டாள். மருமகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐயோ, பெத்தது நான்தாங்க! இது அப்பாவும் சித்தப்பாவும் கூப்பிடறதைக் கேட்டுட்டு அத்தையை அம்மாங்குது. கொழுந்தன் கூப்பிடறதைக் கேட்டு என்னை அண்ணிங்குது. எத்தனை சொன்னாலும் திருந்த மாட்டேங்குது" என்றாள்.

நானும் சிரிக்க வாயெடுத்தேன். ஊசி விரலில் ஏறிவிட்டது.

பாப்பா, உங்கள் வீட்டில் எல்லோரும் அம்மா என்று கூப்பிட்டது ஒரு நரைத்த தலைக்காரியை. அவர் வாயாலேயே ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். அவ்வளவு நரைத்தவளுக்கு மூன்று வயது நிரம்பாத நீ எப்படிப் பிறந்திருப்பாய்? இத்தனை வருஷம் கேட்டுக்கொண்டு இருந்தேனே, எனக்கு ஏன் உறைக்கவில்லை. அந்த வீட்டுப் பிள்ளைகளெல்லாம் மூத்தவளை அக்கா என்றார்கள். நீங்கள் இரண்டு பேரும் அதைக் கேட்டுப் பெற்றவளையே அக்கா என்றீர்கள். அவ்வளவுதான்டி. வாட்ச்மேன் "அம்மா எங்கே" என்று கேட்டபோது உன் அண்ணன் பொய் சொல்லவில்லை. அம்மா என்று நீங்கள் கூப்பிட்டவள் செத்துப்போனது நிஜம்தான். "யாரு கொண்டு வந்து விட்டது" என்றபோதும் பொய் சொல்லவில்லை.

இன்னொன்று. நான் மூன்று பிள்ளைக்குப் பால் கொடுத்தவள். ஒன்று தங்கவில்லை, உனக்குத் தெரியும். அது போன பிறகும் என் ரவிக்கை நனைந்துகொண்டே இருந்தது. முன்பக்கம், இரண்டு பக்கமும். பிள்ளை அழுகிற சத்தம் எங்காவது கேட்டால் போதும்.

அவள் தண்ணீரைக் கொட்டிக்கொள்ளவில்லை பாப்பா.

வார்டனிடம் அவள் சொன்ன இரண்டு பேச்சும் நிஜம்.

அண்ணி


மே 4

அண்ணி,

வீட்டில் வைத்துத்தான் படித்தேன். நீங்கள் சொன்னபடி கதவைச் சாத்திக்கொண்டு. பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் கதவைத் திறந்து வைத்தேன்.

மறுநாள் வேலைக்குப் போனேன். நோயாளியோடு யாராவது வந்தால் "நீங்க யாரு இவங்களுக்கு?" என்று கேட்டு எழுத வேண்டும். அது விதி. ஒரு அம்மா ஒரு பெண்ணைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். எனக்குக் கேள்வி வரவில்லை. பேனாவை வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தேன். அவரே பாவம், "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று என்னைக் கேட்டார். லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

உங்களைத் திட்ட வேண்டும் போலிருக்கிறது. இத்தனை வயது வரைக்கும் ஒருத்தியைத் திட்டியே எழுந்து நடமாடினேன். இப்போது கையில் ஒன்றுமே இல்லை. அவளுக்கு ஒரு முகம் கொடுக்கலாம் என்று பார்க்கிறேன். ஈரம்தான் வருகிறது. முகம் வரமாட்டேன் என்கிறது.

"பாப்பாவுக்குத் தெரியும்" என்றாளே அண்ணி. நான் அப்போது சாப்பாட்டு அறைக்குப் பக்கத்துக் கூடத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருப்பேன். ஒருவேளை வார்டன் அந்த வார்த்தையை என்னிடம் வந்து கேட்டிருந்தால், "அக்கா வந்திருக்கா" என்று மட்டும் சொல்லியிருந்தால், நான் ஓடியிருப்பேன். அப்போது எனக்குக் கோபம் அவ்வளவு கெட்டிப்பட்டிருக்கவில்லை.

அண்ணன் அம்மாவைத் தேடினார். செத்தவர்கள் நடுவில் தேடினார். அவள் அப்போது உயிரோடு இருந்திருப்பாள். எங்கேயோ, யாருக்கோ துவைத்துக்கொண்டோ சமைத்துக்கொண்டோ. அங்கேயும் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டிருப்பார்கள். எந்த ஊரில் எந்தக் கல்லைப் போய்ப் பார்ப்பது? கல் வைக்கவும் ஆள் இருந்ததோ என்னவோ.

அவருக்கு இது தெரியாமலே போய்விட்டது. அந்த மேடையில் நான் கோபப்படாமல் ஏறி நின்று கதையைச் சொல்லியிருந்தால் அவர் கண்டுபிடித்திருப்பாரா? சொல்லுங்கள்.

பாப்பா


மே 13

பாப்பாவுக்கு,

கண்டுபிடித்திருக்க மாட்டார். நிச்சயமாகச் சொல்கிறேன். மூன்று பேர் வாயிலிருந்து மூன்று துண்டு வரவேண்டியிருந்தது. அவரிடம் இருந்தது நரைத்த தலை ஒன்றுதான். உன்னிடம் ஈரம். என்னிடம் ஒரு வாயாடிப் பேத்தி. அவர் போனதால்தான் நாம் இரண்டு பேரும் கடிதம் எழுதுகிறோம். இதை எழுதும்போது எனக்கு அவர் மேலேயே கோபம் வருகிறது, இருந்து கேட்டிருக்கக் கூடாதா என்று.

கல் வெட்டுகிறவரிடம் போயிருந்தேன். பட்டறை முழுக்க வெள்ளைத் தூள், அவர் புருவம் வரைக்கும்.

"பேரு கிடைச்சுதாம்மா?"

"கிடைச்சுதுங்க. அக்கா மகன்னு போடுங்க."

உளியைக் கீழே வைத்துவிட்டார். "யாரோட அக்கா?"

"அக்கா. அவ்வளவுதான்."

"ஏம்மா, விளையாடறீங்களா? கல்லுல ஏத்தினா அழிக்க முடியாது. அக்கா மகன்னு போட்டா, நின்னு படிக்கறவன் ஒவ்வொருத்தனுக்கும் இவரு அக்கா மகனா ஆயிடுவாரே. ஊருக்கே சொந்தக்காரரா?"

எனக்கு உன் அண்ணன் சொன்னதுதான் ஞாபகம் வந்தது. யாருமில்லாதவன் என்று போட்டுவிடாதே என்றாரே.

"ஆகட்டுமே" என்றேன். "அதுக்குத்தாங்க போடச் சொல்றேன்."

அவர் சாக்பீஸை எடுத்துக் கல்லில் எழுதிக் காட்டினார். எழுத்து கோணலாக இருந்தது. "இதே அளவு போதுமா, பெரிசா வேணுமா?" என்று கேட்டார். பெரிதாகவே போடச் சொன்னேன். விடுதிப் பேரை மேலே சின்னதாகப் போட்டுக்கொள்ளட்டும்.

அடுத்த மாசம் முதல் ஞாயிறு கல் வைக்கிறோம். நீ வா. சட்டையைக் கொடியிலிருந்து எடுத்துவிட்டேன். மடித்து உன் அறையில் வைத்திருக்கிறேன். உன் அறை என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். அவர் அப்படித்தான் சொல்வார், அதனால் அது உன் அறைதான்.

அண்ணி


மே 21

அண்ணிக்கு,

கல் வைக்கிறதுக்கு முந்தின நாள், சனிக்கிழமை மாலை பஸ்ஸில் வந்து இறங்குவேன். யாரும் அழைக்க வரவேண்டாம், வழி மறக்கவில்லை.

போட்டோக்காரரை வரச் சொல்லுங்கள். அதே மாதிரி எல்லோரும் நில்லுங்கள். இந்தத் தடவை இரண்டு பேர் நிற்கிற அளவுக்கு நடுவில் இடம் விட்டு நில்லுங்கள், ஒன்றில் நான் நிற்கிறேன்.

ஒரே ஒரு பயம். பேத்தி என்னைப் பார்த்ததில்லை. கதவைத் திறந்து "யாரு?" என்று கேட்பாள். கேட்டதும் என்ன பேர் சொல்வதென்று தெரியாமல் நானும் முழிப்பேன். நீங்கள் உள்ளே எங்கே இருந்தாலும் சத்தமாகச் சொல்லிவிடுங்கள் அண்ணி, எனக்குக் கேட்கிற மாதிரி:

அம்மாக்கா வந்திருக்கா, உள்ளே விடு.